பாங்குக்கு முன்னால் ஒரு பிடி சர்க்கரை

அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தபோது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. நான் பதினாறு முடிந்து திருச்சியில் பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தேன். அறுபதுகளின் தொடக்கம் அது. சில மாதங்களாகவே அம்மாவின் ஜாக்கெட்டுகள் தோளில் தொளதொளவென்று தொங்க ஆரம்பித்திருந்தன. படுக்கும்போது தலைமாட்டில் வைத்துக்கொள்ளும் செம்புத் தண்ணீர் விடிவதற்குள் காலியாகிவிடும். சமையல் செய்துகொண்டிருப்பவள் திடீரென்று அம்மியின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். அப்பா தன் ஆபீஸில் யாரிடமோ விசாரித்துவிட்டு வந்து, சிறுநீரைச் சோதிக்கக் கொடுக்கச் சொன்னார். முடிவு வந்த அன்று அம்மா அழவில்லை. என்ன சாப்பிடலாம், என்ன சாப்பிடக் கூடாது என்றும் கேட்கவில்லை.

"தெருவுல யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றாள். "சர்க்கரைக்காரி பொண்ணுன்னு ஆயிடுச்சுன்னா இவளைக் கேட்டு யாரு வருவா?"

எங்கள் வீடு பெரிய கடைவீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. இருபுறமும் ஒன்றை ஒன்று ஒட்டிய வீடுகள். பாதி இந்துக்கள், பாதி முஸ்லிம்கள். சந்தின் கோடியில் ஒரு பள்ளிவாசல். ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் எதிர்வீட்டில் தும்முவார்கள். அப்படிப்பட்ட சந்தில் ஒரு வியாதியை ஒளிப்பதென்றால் பக்கத்து டாக்டரிடம் போகவே முடியாது. காம்பவுண்டர் ஒருவர் போதும், மறுநாளே தெருவுக்குத் தெரிந்துவிடும். அதனால் அப்பா ஸ்ரீரங்கத்தில் ஒரு டாக்டரை விசாரித்து வைத்தார். அம்மா மாதம் ஒரு சனிக்கிழமை பெருமாளைச் சேவிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறுவாள். பொய் சொல்லக் கூடாது என்று உண்மையாகவே சந்நிதிக்கும் போய்விட்டுத்தான் டாக்டர் வீட்டுக்கு வருவாள்.

டாக்டர் நெற்றி நிறையத் திருமண் இட்டிருப்பார். வீட்டின் முன்னறையிலேயே நோயாளிகளைப் பார்ப்பார். முதல் தடவை போனபோது அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கையில் எடுக்கவே இல்லை. காலையில் என்ன சாப்பிடுவீர்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே போனார். அம்மா லால்குடிப் பக்கத்துக் கிராமத்தில் நெல் விளையும் வீட்டில் பிறந்தவள். காலையில் பழையது, மதியம் சாதம், இரவு சாதம் என்று சொன்னாள். வேறு எதைச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அரிசியை அடியோடு விட வேண்டாம், ஒரு கரண்டியோடு நிறுத்தி, மீதி வயிற்றைக் கீரைக்கும் அவரைக்காய்க்கும் கொடுங்கள் என்றார் டாக்டர். இரவில் கோதுமை அல்லது கேழ்வரகு. தினம் காலையில் ஒரு மாத்திரை. அதன் வேலை அன்று முழுவதும் இருக்கும் என்பதால், மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினி கிடக்கவே கூடாது. இதை இரண்டு தடவை சொன்னார். என்னைப் பார்த்து, உடம்பு திடீரென்று வேர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் யோசித்துக்கொண்டு நிற்காமல் ஒரு பிடி சர்க்கரையை வாயில் போடச் சொன்னார். சர்க்கரையை விடச் சொல்லும் டாக்டரே சர்க்கரை போடச் சொல்கிறாரே என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது.

தீபாவளிக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. அம்மா தயங்கித் தயங்கி அதைக் கேட்டாள். வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் பலகாரம் செய்யாமல் இருக்க முடியாது. செய்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க முடியுமா?

டாக்டர் சிரித்தார். "கோயில்லேர்ந்து அக்காரவடிசில் வந்தா நான் என்ன பண்றேன் தெரியுமோ? ஒரு பருக்கையைக் கண்ணுல ஒத்திண்டு வாயில போட்டுக்கறேன். மீதி குழந்தேளுக்கு. எனக்கும் இதே வியாதிதாம்மா, பத்து வருஷமா."

அம்மாவின் முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்தது. டாக்டருக்கே இருக்கிறது என்பதில் அவளுக்கு என்னவோ ஒரு ஆறுதல்.

இரண்டாவது தடவை போனபோது டாக்டர் வீட்டு பெஞ்சின் ஓரத்தில், வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஒரு அம்மாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பார்த்த உடனே அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள். அதற்குள் அவர் திரும்பிவிட்டார். எங்கள் எதிர்வீட்டுப் பெரியம்மா.

அம்மா அவரை அக்கா என்பாள். அதனால் எனக்குப் பெரியம்மா. சின்னக்கடை வீதியில் கைலிக் கடை வைத்திருந்த அவருடைய கணவர் எனக்குப் பெரியப்பா. அவர்களுடைய இரண்டு மகன்களும் கப்பலேறி மலேயாவுக்குப் போய்விட்டார்கள். மகளைப் புதுக்கோட்டையில் கொடுத்திருந்தார்கள். பகலில் அந்தப் பெரிய வீட்டில் பெரியம்மா மட்டும்தான். வாசலில் நின்று அம்மாவோடு பேசாத நாள் கிடையாது. அப்படிப்பட்ட இருவரும் அன்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, என்ன சொல்வதென்று தெரியாமல், திருடப் போன வீட்டில் அகப்பட்டவர்களைப் போல விழித்தார்கள். டாக்டரிடம் தனித்தனியாகப் போய் வந்தார்கள். பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தும் பேசவில்லை. திருவானைக்காவல் தாண்டி, மாம்பழச்சாலை தாண்டி, பஸ் காவேரிப் பாலத்தில் ஏறிய பிறகுதான் பெரியம்மா வாயைத் திறந்தார்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா. உங்களுக்கு, அக்கா?"

"ஆறு மாசமாச்சு. அவுங்களுக்குத் தெரியாது. உறையூர்ல தங்கச்சியைப் பார்க்கப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

கணவரிடம்கூட எதற்காக மறைக்க வேண்டும் என்று அம்மா கேட்டாள். பெரியம்மா ஆற்றைப் பார்த்துக்கொண்டே, தெரிந்தால் நோன்பு வைக்க விடமாட்டார்கள் என்றார். விவரம் தெரிந்த வயதிலிருந்து முடிந்த வருஷத்தில் எல்லாம் முப்பது நோன்பும் வைத்தவர் அவர். பிள்ளை பெற்ற வருஷங்களில் விட்டுப்போனதைக்கூடப் பிறகு நாள் எண்ணி வைத்துத் தீர்த்தாராம். அம்மா மேற்கொண்டு கேட்கவில்லை. நான் தீபாவளியை நினைத்துக்கொண்டிருந்தேன். நோன்புக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருந்தது.

அன்றிலிருந்து அவர்கள் இருவருக்கும் ஒரு புது சிநேகம் உண்டாயிற்று. முன்பு இருந்ததைவிட நெருக்கமானது. தெருவில் காய் கொண்டுவரும் வண்டிக்காரனை விட்டுவிட்டு, விடிந்தும் விடியாமலும் இருவரும் பையை எடுத்துக்கொண்டு காந்தி மார்க்கெட்டுக்கு நடக்க ஆரம்பித்தார்கள். நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காரணமில்லாமல் இரண்டு பெண்பிள்ளைகள் தெருவில் நடந்தால் என்னவென்று கேட்பார்கள். காய் வாங்கப் போனால் கேட்க மாட்டார்கள். போகும்போது தெப்பக்குளத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவார்கள். சந்தில் அவர்களைச் சிக்கனக்காரிகள் என்று பேசிக்கொண்டார்கள். அம்மாவுக்கு அதைக் கேட்டு உள்ளூர ஒரே சிரிப்பு. பாகற்காயும் சுண்டைக்காயும் முருங்கைக்கீரையுமாகப் பை நிறைந்து வரும். ஈரக் கீரையின் வாசனையோடு அவர்கள் சந்துக்குள் நுழையும்போதுதான் நான் கல்லூரிக்குக் கிளம்புவேன். ஒருத்தியின் பையிலிருந்து இன்னொருத்தியின் பைக்குக் காய்களை மாற்றிக்கொண்டு வாசலிலேயே நின்று பேசுவார்கள்.

எனக்கும் அதில் ஒரு வேலை இருந்தது. வீட்டிலேயே சிறுநீரைச் சோதித்துப் பார்க்கும் விதத்தை டாக்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். மருந்துக் கடையில் ஒரு நீல மருந்து கிடைக்கும். அதில் ஒரு ஸ்பூன் சோதனைக் குழாயில் விட்டு, எட்டுச் சொட்டு சிறுநீர் சேர்த்து, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்கவைத்து ஆறவிட வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிக்கொண்டே போய் செங்கல் நிறத்துக்கு வந்தால் ரொம்ப மோசம். கெமிஸ்ட்ரி லேபில் பழகிய கை என்பதால் எனக்கு அது சுலபமாக இருந்தது. கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் என் சின்ன லேபை வைத்துக்கொண்டேன். வாரம் ஒருநாள் இரண்டு பழைய மருந்து பாட்டில்களில் சிறுநீர் வரும். அம்மாவுடையதில் சிவப்பு நூல் கட்டியிருக்கும், பெரியம்மாவுடையதில் வெள்ளை நூல். நூலை மாற்றிவிடாதே என்று ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரும் சொல்வார்கள்.

தீபாவளிக்கு வழக்கமாக எங்கள் வீட்டிலிருந்து எதிர்வீட்டுக்கு ஒரு தட்டு போகும். அதிரசம், மைசூர்பாகு, லட்டு, முறுக்கு. அந்த வருஷம் இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். அம்மா மற்ற வீடுகளுக்கு மட்டும் இனிப்பு அனுப்பினாள். எதிர்வீட்டுத் தட்டில் தேங்காயும் மாங்காயும் போட்ட பட்டாணிச் சுண்டல், கொய்யாப்பழம், பெரியப்பாவுக்காக நாலே நாலு அதிரசம். சுண்டலை மூடிய வாழை இலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, இந்த வருஷம் சரஸ்வதி பூஜை திரும்ப வந்துடுச்சா?" என்று பெரியப்பா கேட்டார். பெரியம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தீபாவளிக்கு மூன்றாம் நாள் சோதனை செய்தேன். சிவப்பு நூல் பாட்டில் செங்கல் நிறத்துக்குப் போயிற்று. ஏதோ தவறு செய்துவிட்டேன் என்று நினைத்து இன்னொரு தடவை கொதிக்கவைத்தேன். அதே நிறம். வெள்ளை நூல் பாட்டிலைச் சோதித்தேன். அதுவும் நல்ல ஆரஞ்சு. இரண்டு குழாயையும் கையில் வைத்துக்கொண்டு திரும்பினால் இருவருமே கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

அம்மாதான் முதலில் ஒப்புக்கொண்டாள். அதிரசத்துக்குப் பாகு பதம் பார்க்க நாக்கில் வைத்தாளாம். பிறகு வேகவில்லையோ என்று ஒன்றைப் பிட்டுப் பார்த்தாளாம். மறுநாள் யாரும் இல்லாத நேரத்தில் மூன்று. பெரியம்மா ஜவுளிக்கடைக்காரர் வீட்டிலிருந்து வந்த லட்டு என்று மட்டும் சொன்னார். எத்தனை என்று அம்மா கேட்டதற்கு, எண்ணவில்லை என்றார். பிறகு அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளைப் பார்த்துப் பெரியம்மாவும் சிரித்தார். கண்ணில் நீர் வர, துவைக்கிற கல்லில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு இரண்டு பேரும் சிரித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மறுநாளிலிருந்து தெப்பக்குளத்தை மூன்று சுற்றுச் சுற்றினார்கள்.

பொங்கலுக்குள் இருவரும் நன்றாகவே பழகிவிட்டார்கள். அம்மா சர்க்கரைப் பொங்கலை எங்களுக்கெல்லாம் போட்டுவிட்டுத் தனக்கு ஒரு ஸ்பூன் மட்டும் எடுத்துக்கொண்டாள். மிளகு தூக்கலாகப் போட்ட வெண்பொங்கலும் அவரைக்காய்க் கூட்டும் எதிர்வீட்டுக்குப் போயின. அந்த வாரம் இரண்டு குழாய்களும் பச்சைக்கு மேல் போகவில்லை. ஏதோ பரீட்சையில் தேறியது போல என்னை இருவரும் தட்டிக்கொடுத்தார்கள்.

பொங்கல் முடிந்து இரண்டு வாரத்தில் பிறை தெரிந்தது. நோன்பு பிறந்தது என்றால் எங்கள் சந்தே மாறிவிடும். மதியத்திலிருந்தே பள்ளிவாசலில் பெரிய அண்டாவில் கஞ்சி கொதிக்கும். இஞ்சி, பூண்டு, வெந்தயம், புதினா எல்லாம் சேர்ந்த அந்த வாசனை கல்லூரியிலிருந்து வரும் எனக்குக் கடைவீதித் திருப்பத்திலேயே தெரியும். மாலையானதும் பிள்ளைகள் தூக்குச் சட்டியோடு வரிசையில் நிற்பார்கள். நாங்களும் அந்த வரிசையில் நின்று வளர்ந்தவர்கள்தான். கறி சேர்க்காத வீடுகளுக்கென்று தனியாக ஒரு சின்னச் சட்டியில் காய்ச்சி வைத்திருப்பார்கள்.

நோன்பு பிறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை டாக்டரிடம் போனபோது, இந்த மாத்திரையோடு நோன்பு வைக்கக் கூடாது என்று அவர் பெரியம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னார். பெரியம்மா தலையை ஆட்டினார். அம்மாவிடமும் வைக்கவில்லை என்றுதான் சொன்னார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பாட்டிலை வாங்கப் போனபோது, அவர் உதடு காய்ந்திருந்ததைப் பார்த்தேன். மதியம் சமைத்ததற்கான அடையாளமே அடுப்பில் இல்லை.

"பெரியம்மா, நீங்க நோன்பா?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "விடியறதுக்கு முன்னாடி நல்லா சாப்பிட்டுட்டுத்தான் மாத்திரை போட்டுக்கறேன். ஒண்ணும் ஆகாது. உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதேம்மா."

நான் சொல்லவில்லை. டாக்டர் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் பெரியம்மா அதுவரை என்னிடம் எதையும் கேட்டதில்லை. பண்டிகைக்குப் பண்டிகை என் கையில் வளையலும் ரிப்பனும் திணித்தவர். அவருடைய வழிபாட்டு விஷயத்தில் நான் யார் குறுக்கே நிற்க என்றும் தோன்றியது. பெரிய மனுஷி ஒருத்தி என்னை நம்பி ஒரு ரகசியத்தைச் சொன்னதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இதை இன்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தினமும் கல்லூரி விட்டதும் எதிர்வீட்டை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். அதோடு என் கடமை முடிந்ததாக நினைத்துக்கொண்டேன்.

பத்து, பன்னிரண்டு நாள் அப்படிப் போயிற்று. ஒருநாள் மாலை நான் போனபோது கதவு வெறுமனே சாத்தியிருந்தது. பெரியம்மா சமையலறைத் தரையில், எதிரே அருவாமணையும் இஞ்சியுமாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தன் மகளின் பெயரைச் சொல்லி, ஏன் இவ்வளவு நேரம், எங்கே போயிருந்தாய் என்று கோபமாகக் கேட்டார். நான் மகளில்லை என்று சொன்னது அவர் காதில் ஏறவில்லை. தை மாதக் குளிரிலும் நெற்றியிலிருந்து வேர்வை கொட்டிக்கொண்டிருந்தது. கை நடுங்கிற்று. சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை பாதியில் குழறி, அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார்.

எனக்கு எல்லாம் புரிந்தது. சர்க்கரை போட வேண்டும் என்று தெரியும். ஆனால் நோன்பு திறக்கும் பாங்குக்கு இன்னும் அரைமணிக்கும் குறைவாகத்தான் இருந்தது. நோன்பாளியின் வாயில் நான் எப்படிப் போடுவேன்? இன்னும் கொஞ்ச நேரம்தானே, தாங்கிவிடுவாரோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அருவாமணையைத் தள்ளி வைத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு ஓடினேன். நோன்பு வைத்திருந்தார்கள், எனக்குத் தெரியும், மயங்கிவிட்டார்கள் என்று ஒரே மூச்சில் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேல் பலகையிலிருந்த சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு செருப்பில்லாமல் தெருவைக் கடந்தாள். பெரியம்மாவின் தலையை மடியில் ஏந்திக்கொண்டு, ஒரு பிடி சர்க்கரையை எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே விரலால் தேய்த்தாள். என்னைத் தண்ணீரில் சர்க்கரை கரைக்கச் சொன்னாள். தொண்டை அசைகிறது என்று தெரிந்த பிறகு அதை ஸ்பூனால் விட்டாள். "அக்கா, முழுங்குங்க. அக்கா, முழுங்குங்க" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. எனக்கு ரொம்ப நேரமாகத் தோன்றியது. பெரியம்மா கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு நாக்கால் உதட்டைத் தடவினார். இனிப்பு தெரிந்திருக்க வேண்டும்.

"பாங்கு சொல்லியாச்சா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாளா என்று நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

"இல்லக்கா" என்றாள் அம்மா. "இன்னும் நேரம் இருக்கு. நான்தான் சர்க்கரை போட்டேன்."

அம்மாவின் மடியிலிருந்து தலையை எடுக்கப் பெரியம்மாவுக்குத் தெம்பு இல்லை. முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தப் பக்கத்துக் கண்ணிலிருந்து நீர் வழிந்து அம்மாவின் புடவையில் இறங்கிற்று. கொஞ்ச நேரம் கழித்துப் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. அதன் கடைசி வரி முடியும்போது பெரியப்பா கடையிலிருந்து வந்து நுழைந்தார். பேரீச்சம்பழப் பொட்டலம் கையில் இருந்தது.

அம்மா அவரிடம் ஒன்றையும் ஒளிக்கவில்லை. வியாதி, ஸ்ரீரங்கம், மாத்திரை, எல்லாவற்றையும் சொன்னாள். தனக்கும் அதே வியாதிதான் என்பதையும் சொன்னாள். அவர் வாசற்படிக்குப் பக்கத்தில் அப்படியே நின்றார்.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?" என்று மனைவியைக் கேட்டார்.

"சொன்னா நோன்பு வைக்க விட்டிருப்பீங்களா?"

"விட்டிருக்க மாட்டேன்" என்றார் அவர். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். நான் கொண்டுவந்து கொடுத்தேன். நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, முணுமுணுவென்று ஓதிவிட்டுத் தன் நோன்பைத் திறந்தார். பழத்தைத் தொடவில்லை. உடனே டாக்டரை அழைத்துவரப் போய்விட்டார். இந்தத் தடவை பக்கத்துத் தெரு டாக்டர்தான். மாத்திரையின் வேகம் இன்னும் உடம்பில் இருக்கும், விட்டு விட்டுச் சாப்பாடு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவர் சொன்னதால், அம்மா அன்று எங்கள் வீட்டுக்கு வரவில்லை. எதிர்வீட்டிலேயே தங்கினாள்.

காலையில் வந்ததும் என்னை உட்காரவைத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ படிச்ச பொண்ணு. டாக்டர் என்ன சொன்னாருன்னு உனக்குத் தெரியும். அவங்க உங்கிட்ட மறைக்கச் சொன்னாங்க, சரி. நான் உனக்கு அவ்வளவு தூரத்துலயா இருந்தேன்?" என்று கேட்டாள்.

சந்து முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. இரண்டு பேருக்கும் இருப்பது தெரிந்துவிட்டது. அம்மா பயந்தது போல யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மாறாக, இரண்டு வீடு தள்ளி இருந்த பள்ளிக்கூட வாத்தியாரின் மனைவி வந்து, தனக்கும் இரண்டு வருஷமாக இருக்கிறது என்று ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் பெரியம்மா அம்மாவிடம் பேசவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. அம்மா கஞ்சி கொண்டுபோனால் வாங்கிக் குடித்தார். கேட்டதற்கு ஆம், இல்லை என்றார். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. காலை நடை நின்றுபோனது. அம்மா தனியாக மார்க்கெட்டுக்குப் போய், பழக்கத்தில் இரண்டு பேருக்கான கீரையை வாங்கிக்கொண்டு வருவாள். தான் செய்தது சரிதான் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் தன் கையால் ஒருத்தியின் நோன்பை முறித்தோம் என்பது அவளை அரித்துக்கொண்டே இருந்தது. சுவாமி விளக்குக்கு முன்னால் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றாள்.

பெரியப்பா பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத்தைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னார். நோயாளிக்கு நோன்பு விட அனுமதி உண்டு, உயிருக்கு ஆபத்து என்னும்போது பிடிவாதமாக வைப்பதுதான் தவறு என்று ஹஜ்ரத் சொன்னாராம். குணமாகாத நோய் என்றால் ஒரு நோன்புக்கு ஓர் ஏழைக்குச் சாப்பாடு போட்டால் போதும். அப்புறம், சர்க்கரை போட்ட அந்த அம்மாவுக்கு என் சலாத்தைச் சொல்லுங்கள் என்றும் சொல்லியனுப்பினார். பெரியப்பா எங்கள் வாசலில் நின்று இதை அம்மாவிடம் சொன்னபோது, அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து எதிர்வீட்டில் தினம் இரவு ஒருவருக்கு இலை போடப்பட்டது. பூட்டுச் சாவி ரிப்பேர் செய்கிறவர், கைவண்டி இழுக்கிறவர், பள்ளிவாசல் வாசலில் உட்காரும் கண் தெரியாத கிழவர். முதல் இரண்டு நாள் பெரியம்மா வேண்டாவெறுப்பாகத்தான் பரிமாறியிருப்பார் என்று நினைக்கிறேன். மூன்றாம் நாளோ என்னவோ, சமையலறை ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டு, அம்மாவிடம் முருங்கைக்கீரை இருக்கிறதா என்று கேட்டுவரச் சொன்னார். வருகிற ஆள் கறி சாப்பிடாதவராம். அம்மா கீரையை ஆய்ந்து, தானே எடுத்துக்கொண்டு போனாள். அன்று இரவு அவர்கள் இருவரும் சேர்ந்து அந்த ஆளுக்குச் சாதம் போட்டார்கள். அந்த விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லையாம். அந்த ஆள் மூன்று தடவை சாதம் வாங்கிச் சாப்பிட்டதைப் பற்றி மட்டும் பேசினார்களாம்.

பெருநாள் அன்று வழக்கமாக எதிர்வீட்டிலிருந்து எங்களுக்குப் பச்சரிசி, வெல்லம், தேங்காய், பழம் எல்லாம் தட்டில் வரும். சைவ வீடு என்பதால் சமைக்காததாக அனுப்புவார்கள். அந்த வருஷம் வெல்லத்துக்குப் பதிலாகக் கோதுமையும் ஒரு பூசணிக்காயும் வந்தன. தட்டைப் பெரியம்மாவே சுமந்துகொண்டு வந்தார். புதுப் புடவை கட்டியிருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். தட்டை வைத்துவிட்டு, அம்மாவின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். அம்மா பதறிப்போய் கையை இழுத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நீ பாங்கு சொல்லியாச்சுன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன்" என்றார் பெரியம்மா. "பொய் சொல்லாம இருந்தே பாரு. அது எனக்கு இப்பதான் பெரிசாத் தெரியுது."

அதற்குப் பிறகு பல வருஷங்கள் அவர்கள் எதிரெதிர் வீடுகளில் இருந்தார்கள். எனக்குக் கல்யாணம் ஆகித் திருவெறும்பூருக்குப் போனேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிட்டாள். என் மாமனாருக்கும் அதே வியாதிதான் என்று தெரிந்தது. லீவு நாட்களில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் அம்மா வீட்டுக்கு வருவேன்.

அப்படி ஒரு நோன்பு மாதத்தில் வந்தபோது மாலை நேரம். எதிர்வீட்டு முற்றத்தில் பெரிய சட்டியில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. பள்ளிவாசலுக்குப் போக முடியாத வயதானவர்களுக்கென்று பெரியம்மா தன் வீட்டிலேயே காய்ச்ச ஆரம்பித்திருந்தார். அம்மா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து புதினா ஆய்ந்துகொண்டிருந்தாள். உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது நோன்பில்லாத அவர்கள் இருவரின் வேலை. இருவரும் ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்து ஊதி ஊதிக் குடித்துப் பார்த்துவிட்டு, ஒருத்தி உப்புப் போதும் என்றும் இன்னொருத்தி போதாது என்றும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் தூக்குச் சட்டியோடு நாலைந்து பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் இருவரும் ஒரே நேரத்தில் கரண்டியை நீட்டினார்கள். இடுப்பில் குழந்தையோடு குனிந்து குடித்துப் பார்த்தேன். ஒரு கல் உப்புக் குறைவாகத்தான் இருந்தது.